ஏரியில் போன மானம்

இன்று காலை நெல்லித்தோப்பு மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, சைக்கிள் கடை வாசலில் ஒருவர் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டும் பசையின் வாசனை மூக்கில் ஏறியது. கத்தரிக்காய்ப் பையோடு அங்கேயே நின்றுவிட்டேன். "என்னாம்மா வேணும்?" என்று அவர் நிமிர்ந்து கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை முகத்தில் சூடு தணியவில்லை. அந்த வாசனை வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நீ இல்லை. வெட்கம்தான் முதலில் வருகிறது. அதன் பின்னால்தான் தொப்பியும் கால்சட்டையுமாக நீ வருகிறாய்.

ஐப்பசி மழை ஒரு சுற்றுப் பெய்து ஓய்ந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் இந்த வெயிலைப் பார்த்ததும் என் வீட்டு மணியை அடித்திருப்பாய்.

நாம் ஒரே கான்வென்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 'சொல்தா வீட்டுப் பெண்' என்றுதான் எங்கள் வீட்டில் உன்னைச் சொல்வார்கள். நான் வக்கீல் வீட்டில் பிறந்து வக்கீல் வீட்டுக்கே மருமகளாகப் போனவள். நீ பிரான்சுக்குப் போய், ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, கல்யாணமே செய்துகொள்ளாமல், ரெத்ரேத் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, சாரம் பக்கம் ஒரு மாடி வீடு பிடித்தாய். அப்போது என் கணவருக்கு முதல் வருஷத் திதி முடிந்திருந்தது. உன் பெட்டிகளைப் பிரிக்க உதவ வந்தேன். ஒரு பெட்டியில் துணிக்குப் பதிலாக, முகப் பவுடர் தூவி மடித்த சிவப்பு ரப்பர் இருந்தது. காற்றடித்தால் படகாகுமாம்.

"இத வச்சிக்கிட்டு இங்க என்னாடி பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"உன்ன ஏத்திக்கிட்டுப் போகப் போறேன்."

இலையுதிர்காலம் வந்தால் அங்கே கிராமத்து ஆறுகளிலும் ஏரிகளிலும் படகு விடப் போவார்கள் என்றாய். 'ஒத்தோன்' என்று அந்தக் காலத்தின் பெயரைச் சொன்னாய். கான்வென்டில் நம் கன்னியாஸ்திரி மாசேர் உதட்டைக் குவித்துச் சொல்லிக்கொடுத்த அதே உச்சரிப்பு. இங்கே எந்த மரம் ஒரேயடியாக இலையை உதிர்க்கிறது என்று நான் மடக்கினேன்.

"மரத்த யாருடி கேட்டா? மழ பேஞ்சா ஏரி ரொம்புதில்ல? அதான் எனக்கு ஒத்தோன்."

முதல் பயணம் சுண்ணாம்பாற்றில். சுற்றுலாப் படகுகளின் இரைச்சல் எட்டாத இடமாகப் பார்த்து, மேலே தள்ளி இறங்கினோம். நீ காலால் பம்பை மிதித்துக் காற்றடிக்க, ஆடு மேய்க்க வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

"இது என்னாம்மா, திமிங்கலமா?"

"ஆமா. இன்னும் கண்ணு தொறக்கல" என்றாய் நீ.

புடவையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். கால்சட்டை போடுவதைவிடச் சாவது மேல் என்று நான் சொன்னதாக நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் அப்படிச் சொல்லவில்லை. என் வயதுக்குப் பொருந்தாது என்றுதான் சொன்னேன். கால்களை நீட்டி உட்கார்ந்து, மேலே குளியல் துண்டை விரித்து, அதைப் புடவையோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.

"ரப்பர் படகுல ஊக்கோட ஏறுன ஒரே ஆளு ஒலகத்துலயே நீதான், மதாம்."

மதாம் என்று நீ கூப்பிட்டால் நான் ஏதோ அதிகமாகச் செய்துவிட்டேன் என்று பொருள். அப்படித்தான் பெரும்பாலும் கூப்பிட்டாய்.

நான் முன்னால் உட்கார்ந்தேன், நீ பின்னால். பின்னால் இருப்பவள்தான் படகைத் திருப்ப வேண்டும். முன்னால் இருப்பவள் போடுகிற வேகத்துக்குப் பின்னால் இருப்பவள் துடுப்புப் போட வேண்டும். வேகத்தை நிர்ணயிப்பது நான் என்று தெரிந்ததும் அந்த இடத்தை நான் விட்டுக்கொடுக்கவேயில்லை. அலையாத்தி மரங்களுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. துடுப்பு இறங்கும்போதெல்லாம் ஒரு சிறு மிடறு விழுங்குவதுபோல் சத்தம் கேட்டது. ரிக்‌ஷாவிலும் காரிலும் பிறர் கொண்டுபோய் விட்ட இடங்களுக்கே போய்வந்தவள் நான். அன்றுதான் போக வேண்டிய இடத்துக்கு என் கையாலேயே போனேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. "முழங்கை வலிக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வரும்போது எதிர்வீட்டு அம்மாள் கேட்டார், எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று. "வில்லியனூர் கோயிலுக்கு" என்றேன். தாலி இழந்த பெண், வக்கீல் வீட்டு மருமகள், காற்றடித்த படகில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் பொய் சொல்வதும் எனக்கு ஆகாது. அதனால் அடுத்த முறையிலிருந்து, ஊசுட்டேரிக்குப் போனாலும் சங்கராபரணிக்குப் போனாலும், ஆட்டோவை வில்லியனூர் பக்கம் திருப்பச் சொல்லி, கோபுர வாசலில் இறங்கி ஒரு கும்பிடு போட்டு விபூதி வாங்கிக்கொண்டேன். நீ ஆட்டோவிலேயே உட்கார்ந்து சிரிப்பாய். "சாமிக்கே தெரியும்டி, ஒன் புடவ எந்தத் தண்ணில நனஞ்சதுன்னு."

சுனாமி வந்த பிறகு முகத்துவாரப் பக்கம் போகப் பயந்து ஏரிகளோடு நின்றுகொண்டோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மட்டும்தான். மதகைத் திறந்து வயலுக்கு விட்டுவிட்டால் தண்ணீர் இறங்கிவிடும், படகைப் பவுடர் போட்டு மடித்துவிடுவாய். உன் துடுப்பு மெத்தனமாவது எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "தண்ணியத் தடவாதடி, ஒழுங்காப் போடு!" என்று முன்னால் பார்த்தபடியே அதட்டுவேன். "உய், மதாம்" என்று பின்னாலிருந்து பிரெஞ்சில் ஆமாம் போடுவாய். கொஞ்ச நேரம் படகு நன்றாகப் போகும். மறுபடியும் கனக்கும்.

பாகூர் ஏரிக்கு மட்டும் நான் வர மறுத்துக்கொண்டே இருந்தேன். என் மகளின் மாமனார் வீடு அந்த ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரம். மகளும் மாப்பிள்ளையும் சென்னையில் இருந்தாலும் சம்பந்திகள் அங்கேதான் பயிர் வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த வருஷம் ஏரி நிரம்பி வழிகிறது என்று கேள்விப்பட்டு நீ விடவில்லை.

"அவ்ளோ பெரிய ஏரில உன்ன யாருடி பாக்கப் போறா?"

யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தப்பு என்னுடையதுதான். ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகளைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

"முள்ளுடி, வேணாம்."

"எனக்குத் தெரியும். ஓரமாப் போ."

புஸ்ஸென்று ஒரு சத்தம். பாம்பு என்று நினைத்துத் துடுப்பால் தண்ணீரை அடித்தேன். பாம்பில்லை, படகு. இடது பக்கம் சுருங்கி மடங்க, நாம் இருவரும் மரியாதையாக, மெதுவாக, உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் சரிந்தோம். தண்ணீர் மார்பளவு. கால் கீழே சேற்றில் முழங்கால்வரை போயிற்று. ஒரு கையால் கிளையையும் மறு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டேன்.

"கத்துடி!" என்றாய்.

"என்னான்னு கத்தறது?"

"காப்பாத்துங்கன்னு கத்து."

"எனக்கு வராது."

"ஏன், கான்வென்டுல சொல்லித் தரலயா?" என்று சிரித்து, தண்ணீர் குடித்து, இருமி, நீயே தமிழிலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றிக் கூவினாய். கரையில் ஆட்கள் சேர்ந்தார்கள். ஏரியில் படகு கிடையாது. கொஞ்ச நேரத்தில் கரையிலிருந்து ஒரு பெரிய வட்டமான இரும்புப் பாத்திரம் மிதந்து வந்தது. கரும்புச் சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கிற கொப்பரை. வெள்ளக் காலத்தில் அதைத்தான் அங்கே பரிசல் மாதிரி இறக்குவார்களாம். அதைத் தள்ளிக்கொண்டு மார்பளவு நீரில் வந்தவர் என் சம்பந்தி.

மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் யார் என்று அவருக்குத் தெரிந்த அந்த நொடியை என்னால் இன்றும் நேராக நினைக்க முடியவில்லை. அவர் பார்வையை ஏரியின் அக்கரைக்குத் திருப்பினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் பக்கம் நீட்டினார். பிறகு, சம்பந்தியைக் கண்டால் சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"வாங்க சம்பந்திம்மா. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன், கிளையைப் பிடித்தபடி.

"சௌக்கியந்தான். மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி."

நீ கிளைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாய். அழுகிறாய் என்று நினைத்து அவர், "பயப்படாதீங்கம்மா" என்றார்.

கொப்பரையில் நாம் இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்து வந்து கரை சேர்ந்தபோது பாதி ஊர் அங்கே நின்றது. ஒரு கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "இந்த ஏரிக்கு வாய்க்கா வெட்டுனது ரெண்டு தாசிங்கன்னு எங்க ஆயா சொல்லும். தண்ணி ஒழுங்கா வருதான்னு பாக்க அவளுங்கதான் திரும்பி வந்துட்டாளுங்கன்னு நெனச்சேன்!"

கரை முழுக்கச் சிரித்தது. நீ கொப்பரையில் எழுந்து நின்று அவளைக் கும்பிட்டு, "நல்லாத்தான் வருது தாயி" என்றாய். எனக்குக் காதுக்குள் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. என் கணவர் பெயரைச் சொன்னால் கோர்ட்டில் எழுந்து நிற்பார்கள். என்னைப் பார்த்து அந்த வார்த்தை.

ஆனால் அதுகூடப் பெரிதில்லை. சம்பந்தி வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் உறைத்தது: கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை. மகளைக் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு யார் போவார்கள்? நான் கால் செருப்பும் இல்லாமல், சேறு சொட்டச் சொட்டப் போனேன். சம்பந்தி அம்மாள் தன் புடவையைக் கொடுத்தார். பச்சைப் புடவை, கையகலச் சிவப்புக் கரை. கணவர் போன பிறகு சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் தவிர நான் எதையும் கட்டியதில்லை. அதைக் கட்டிக்கொண்டு கூடத்தில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். நீ சமையலறையில் கரண்டியைத் துடுப்பாக வைத்து அந்த அம்மாளுக்குப் படகு விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாய். கொழுக்கட்டையை மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றாய். அன்று உன்னை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று மாலையே மகள் போன் செய்தாள். "ஏம்மா, கொப்பரைல வந்தியாமே? இவரு சிரிச்சி சிரிச்சி பொரையேறிப் போச்சும்மா." போனை வைத்துவிட்டேன்.

நீ படகுக்கு ஒட்டுப் போட்டு, அந்தப் பசை வாசனையோடு என் வாசலுக்கு வந்தாய். நான் கேட்டைத் திறக்கவில்லை.

"இனிமே இந்தக் கூத்துக்கு என்னைக் கூப்பிடாதே. என் மானம் போனது போதும்."

"மானம் ஏரிலதான போச்சு? வா, போய்த் தேடி எடுத்துக்கலாம்."

"உனக்கு விளையாட்டு. நீ தனிக்கட்டை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அப்படி இல்லை."

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாய். "அது சரிதான், மதாம்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போனாய். இரண்டு முறை நின்று நின்று போனாய். சாக்கு கனம் என்று நினைத்தேன்.

கார்த்திகை முழுதும் நீ வரவில்லை. நானும் வரவில்லை. அந்த மாதம் எத்தனை நல்ல காலைகள்! மழை இரவில் பெய்து விடியலில் விட்டுவிடும். வெயில் மஞ்சளாக வரும். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டு, ஊசுட்டேரி இப்போது எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். யோசித்துவிட்டுக் கீழே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள் சம்பந்தி அம்மாளே என் வீட்டுக்கு வந்தார். நான் விட்டுவிட்டு வந்த புடவையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார், ஒரு பையில் அவலும் இருந்தது. அவருடைய பச்சைப் புடவையை நான் எப்போதோ இஸ்திரி போட்டு வைத்திருந்தும் கொடுத்தனுப்பாமல் இருந்தேன். காப்பி கொடுத்தேன். அந்த நாளைப் பற்றி எடுப்பார், எடுத்தால் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரைக் கையில் உருட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"சம்பந்திம்மா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்தப் படகு... ரிப்பேர் ஆயிட்டுதா?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க. இனிமே நான் போகறதில்லை."

"ஐயோ, ஏன்?" அவர் முகம் வாடியதைப் பார்த்து நான் திகைத்தேன். "என்ன ஒரே ஒரு தடவ அதுல ஏத்திக்கிட்டுப் போவ மாட்டீங்களான்னு கேக்கத்தான் வந்தேன். கல்யாணங் கட்டி வந்ததுலேருந்து அந்த ஏரிய கரையிலேருந்தே பாத்துக்கிட்டு இருக்கேன். நடுவுல போயி ஒருநாளும் பாத்ததில்ல. நீங்க கொப்பரைல வந்து எறங்கனதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க ஏரில வேணாம், ஊரு சிரிக்கும். வேற எங்கியாச்சும். அவருகிட்ட, உங்களோட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

உடனே அவரையும் கூட்டிக்கொண்டு சாரத்துக்கு வந்து உன் மாடிப்படி ஏறினேன். வெயில் ஏறிய பிறகும் நீ படுத்திருந்தாய். மழைக்கு உடம்பு வலி என்றாய். சம்பந்தி அம்மாளைப் பார்த்ததும், அவர் கேட்பதைக் கேட்டதும் தொப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டாய். நான் கம்பிக்குப் பின்னால் நின்று சொன்ன வார்த்தையைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஊசுட்டேரி. படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். சம்பந்தி அம்மாள் முன்னால், நீ பின்னால். அவருடைய செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு நான் கரையில் உட்கார்ந்தேன். அந்தப் படகை நான் வெளியிலிருந்து பார்த்தது அன்றுதான்.

அவர் சின்னப் பெண் மாதிரித் துடுப்பால் தண்ணீரை அள்ளி இறைத்தார். கொக்கைக் கண்டால் கூவினார். நீ நாலைந்து முறை துடுப்புப் போட்டாய். பிறகு அதை மடியில் குறுக்கே வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்துகொண்டாய். இடது கையைக் கழுத்துக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டாய். முன்னால் இருந்தவர் ஏதோ சொன்னார். உடனே நிமிர்ந்து, கையெடுத்து, மறுபடி நாலைந்து முறை. மறுபடி குனிந்தாய். தூரத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது. அவருக்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். உய், மதாம்.

கரைக்கு வந்ததும் சம்பந்தி அம்மாள் நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டு அந்தப் பக்கம் போனார். நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன்.

"எப்பலேருந்து?"

நீ புரியாதவள் மாதிரி நடிக்கவில்லை. "நெஞ்சுதான். ரொம்ப நாளாச்சு. பிரான்சுக்குப் போயி ஆப்பரேஷன் பண்ணிக்கணும்னு சொல்றாங்க. தை பொறந்தா போவணும்."

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்னப் படுக்கப் போட்டு, கஞ்சி வச்சிக் குடுத்து, தெனம் வந்து பாப்ப. ஒருத்தியாவது என்ன நோயாளின்னு நெனக்காம திட்டிக்கிட்டு வந்தா. எனக்கு அது நல்லாயிருந்துச்சு."

நர்சாக இருந்தவளல்லவா, ஆறுதல் சொல்ல உனக்குத் தெரியும். ஆனால் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது கார்த்திகையை. உனக்குத் தண்ணீரில் இருக்க மீதமிருந்த கொஞ்ச காலத்தில், ஏரி தளும்பி நின்ற அந்த மாதத்தைக் கொண்டுபோய் நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்தேன். எதற்காக? ஒரு கிழவி சிரித்தாள் என்பதற்காக. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்காக.

மார்கழியில் பாகூருக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். பெரிய எவர்சில்வர் தட்டில் வாழைப்பழம், ஆரஞ்சு, ஆப்பிள், ஒரு பெட்டி இனிப்பு எல்லாம் அடுக்கி, மேலே மஞ்சள் துணி போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டேன். அக்கரையில் படகை இறக்கினோம். நீ வழக்கம்போல் பின்னால் போனாய்.

"முன்னாடி உட்காரு" என்றேன். "தட்டை மடியில வச்சிக்க ஒரு ஆள் வேணும். துடுப்ப நான் பாத்துக்கறேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாய். உன் நெஞ்சுக்காகத்தான் என்பதை நான் சொல்லாமல் விட்டது உனக்குப் புரிந்தது. "சீரு தூக்கிக்கிட்டுப் போற வேலையா? சரி மதாம்" என்று முன்னால் போய் உட்கார்ந்து தட்டை மடியில் வாங்கிக்கொண்டாய்.

பின்னால் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், உன் சட்டை தோளிலிருந்து எவ்வளவு தொளதொளவென்று தொங்குகிறது என்று. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. படகு எனக்கு அடங்கவில்லை. வலது பக்கம் போட்டால் இடது பக்கம் ஓடியது. ஏரி நடுவுக்கு வந்தபோது நீ திரும்பாமலே கேட்டாய்.

"ஏண்டி அழற?"

"யாரு அழறா?"

"படகு சொல்லுதே. துடுப்பு தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நின்னு நின்னு போவுது."

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் துடுப்பைத் தூக்கியபடியே உட்கார்ந்துவிட்டேன். அதுவரை எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்: நான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன், பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும்? நீயும் அன்று முன்னால் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாய். நான் கொஞ்சம் அழுததே உனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பின்னால் உன் துடுப்பு எத்தனை வருஷம் நின்று நின்று வந்தது! அதைக் கேட்டு நான் செய்ததெல்லாம் அதட்டியதுதான்.

கரையில் சம்பந்தி அம்மாள் கையாட்டினார். அதே கிழவியும் இருந்தாள். "பாருங்கடி, தாசிங்க சீரு கொண்டாறாங்க!" என்றாள். என் முகம் மறுபடி எரிந்தது. வயதானால் தோல் தடிக்கும் என்பார்கள், எனக்கு அப்படி ஆகவில்லை. எரிந்த முகத்தோடு, நனைந்த புடவையோடு, தட்டை உன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு கரையேறினேன். "வாங்க சம்பந்திம்மா" என்று சம்பந்தி இந்த முறை என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மேலே ஏற உனக்குக் கை கொடுத்தது அந்தக் கிழவிதான்.

தையில் நீ விமானம் ஏறினாய். படகை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். வருகிற ஒத்தோனுக்கு வந்துவிடுவேன் என்றாய். ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். போனில் இரண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. அடுத்த மழைக்கு முன்னால் அங்கிருந்து உன் தங்கை மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். என்ன கேட்பது என்று தெரியாமல், "அங்கே இலை உதிர ஆரம்பித்துவிட்டதா?" என்று கேட்டேன். அந்தப் பெண் குழம்பிப்போய், "ஆமா ஆன்ட்டி, ரோடெல்லாம் இலைதான்" என்றாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. மார்கழி முழுக்க இருந்தது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ சிரித்து ஒன்றுமில்லாமல் ஆக்கியிருப்பாய். நீ அப்படிச் செய்துவிடுவாய் என்பதற்காகவே கேட்காமல் இருந்தேனோ என்றும் தோன்றுகிறது.

இப்போது எதிர்வீட்டு அம்மாள் கேட்டால், "ஏரிக்கு, படகு விட" என்றே சொல்கிறேன். சொல்லும்போது காது சூடாகிறது. ஆனாலும் சொல்கிறேன். சம்பந்தி அம்மாள் பாகூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார். அவர் புருஷனுக்கு இப்போது எல்லாம் தெரியும், ஊருக்கும் தெரியும். படகைத் திருப்ப எனக்கு வரவேயில்லை, அவருக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அதனால் அவர் பின்னால், நான் பழையபடி முன்னால்.

போன வாரம் ஊசுட்டேரி நடுவில் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் துடுப்பின் சத்தம் நின்றது. நானும் நிறுத்தினேன். இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக முழு உடம்பையும் திருப்பினேன். படகு ஆடியது.

"என்ன ஆச்சுங்க? கை வலிக்குதா? நெஞ்சு ஏதாவது..."

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்திம்மா. அதோ அந்தக் கொக்கு மீனப் பிடிக்குதான்னு பாக்கறேன்."

"சரி, பாருங்க" என்றேன். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.